மூன்று சுற்றா, நான்கு சுற்றா? 1982 தேர்வுக் கணக்கு ஒன்றின் ஆய்வு

1982 மே மாதம் அமெரிக்காவில், கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு வடிவியல் கேள்வி. பெரிய வட்டம் ஒன்று. அதை வெளிப்புறமாகத் தொட்டபடி சின்ன வட்டம் ஒன்று. சின்ன வட்டத்தின் ஆரம் பெரியதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. படத்தில் காட்டிய இடத்திலிருந்து கிளம்பி, சின்ன வட்டம் பெரிய வட்டத்தை ஒட்டியே உருண்டு போகிறது. அதன் மையம் கிளம்பிய இடத்துக்கு முதல்முறை திரும்பி வரும்போது சின்ன வட்டம் எத்தனை முறை சுழன்றிருக்கும்? கொடுத்திருந்த விடைகள் ஐந்து: 3/2, 3, 6, 9/2, 9.

எழுதியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். விடைக்குறிப்பில் இருந்தது 3. உண்மையான விடை 4. ஐந்து விடைகளில் அது இல்லவே இல்லை.

மூன்று மாணவர்கள் இதைக் கண்டுபிடித்து, தேர்வைத் தயாரித்த எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸுக்கு எழுதினார்கள். நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. அந்தக் கேள்வியை எல்லோருக்கும் நீக்கிவிட்டு மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிட்டது. நம் ஊரில் கேள்வி தவறாகிவிட்டால், எழுத முயன்றவர்களுக்கு முழு மதிப்பெண் போடச் சொல்வார்கள். அங்கே கேள்வியே இல்லாதது போல ஆக்கினார்கள். இரண்டில் எது நியாயம் என்பது தனி விவாதம். அந்தக் காலத்து எஸ்.ஏ.டி.யில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு என்று சரியாகக் கண்டுபிடித்த பிள்ளை, விடைப்பட்டியலைப் பார்த்துக் குழம்பி நேரத்தையும் இழந்திருக்கும், வேறொன்றைக் குறித்துக் கால் மதிப்பெண்ணையும் இழந்திருக்கும்.

கேள்வியைத் தயாரித்தவர்களும் சரிபார்த்தவர்களும் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. அப்படியிருந்தும் எல்லோர் கண்ணுக்கும் தப்பியது ஏன்? பள்ளிக் கணக்கில் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இதே வகைதான் என்பது என் கருத்து. கூட்டல் கழித்தலில் தவறு இருக்காது, சூத்திரமும் சரியாக இருக்கும். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் இன்னொரு கேள்விக்குச் சரியான விடை எழுதியிருப்பார்கள்.

மூன்று எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். சுற்றளவு ஆரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே பெரிய வட்டத்தின் சுற்றளவு சின்னதைப் போல மூன்று மடங்கு. ஒரு முறை சுழன்றால் வட்டம் தன் சுற்றளவு தூரம் நகரும். மூன்று மடங்கு தூரத்துக்கு மூன்று சுழற்சி. படிக்கப் படிக்கத் தலை தானாக ஆடுகிறது, இல்லையா? இதில் நடு வரி நேரான தரையில் மட்டும் உண்மை. பாதை வளைந்துவிட்டால் அது பொய்.

நம்பாதவர்கள் ஒரே அளவுள்ள ரூபாய் நாணயம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். (பழைய பதினோரு மூலை இரண்டு ரூபாய் வேண்டாம், அது உருளாது, தவ்வும்.) ஒன்றை மேசையில் வைத்து விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொன்றை அதன் தலைமாட்டில், சிங்கமுகம் நேராக நிற்கும்படி ஒட்டி வையுங்கள். வழுக்கவிடாமல் பக்கவாட்டில் உருட்டிக் கால்மாட்டுக்குக் கொண்டு வாருங்கள். பாதி வழிதான் ஆகியிருக்கிறது. பாதிச் சுற்றளவுதானே உருண்டது, சிங்கம் தலைகீழாக இருக்கும் என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பார்த்தால் நேராக நிற்கிறது. மீதிப் பாதியையும் உருட்டி முடித்தால் நாணயம் மொத்தம் இரண்டு முறை சுழன்றிருக்கும். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் விடை இரண்டு. அப்படியானால் மூன்றுக்கு ஒன்று என்றால் நான்கு.

இது வேடிக்கை காட்டல்தான், நிரூபணம் ஆகாது. நிரூபணத்துக்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, மையத்தைப் பின்தொடர்வது. சின்ன வட்டத்தின் ஆரத்தை 1 என்று வைத்தால் பெரியதன் ஆரம் 3. சின்ன வட்டத்தின் மையம் எப்போதும் பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து 3 + 1 = 4 அலகு தொலைவில் இருக்கும். ஆகவே அது போகும் பாதை 4 அலகு ஆரமுள்ள வட்டம், நீளம் 8 பை. வழுக்காமல் உருளும் வட்டம் ஒரு முறை சுழலும்போது அதன் மையம் 2 பை அலகு நகரும். 8 பையை 2 பையால் வகுத்தால் 4. முதலில் சொன்ன தவறான வழியிலும் இதே வகுத்தல்தான் இருந்தது. என்ன, எந்த நீளத்தை வகுக்க வேண்டும் என்பதைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள். தொடுபுள்ளி போன தூரத்தை எடுத்தார்கள். எடுக்க வேண்டியது மையம் போன தூரம்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் பல்கோணத்தின் வெளிக்கோணங்கள் தெரிந்த பிள்ளைக்கு அது போதும். பெரிய வட்டத்துக்குப் பதில் அதே சுற்றளவுள்ள சதுரம் ஒன்றை வைத்து, அதைச் சுற்றிச் சின்ன வட்டத்தை உருட்டுங்கள். நான்கு பக்கங்களும் நேர்கோடு. அவற்றின் மேல் உருளும்போது ஆகும் சுழற்சி மொத்தம் மூன்றுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் ஒவ்வொரு மூலையிலும் வட்டம் முன்னே நகராமல், மூலையில் தொட்டபடியே 90 பாகை திரும்பித்தான் அடுத்த பக்கத்துக்குப் போக முடியும். நான்கு மூலைக்கு 360 பாகை. அதுதான் அந்த நான்காவது சுழற்சி. சதுரத்துக்குப் பதில் சமபக்க முக்கோணம் என்றால் மூலைக்கு 120 பாகை, மூன்று மூலை, மறுபடியும் 360. எந்தக் குவிவுப் பல்கோணத்துக்கும் வெளிக்கோணங்களின் கூடுதல் 360 பாகை என்று படித்தோமே, அந்தத் தேற்றம் இங்கே வந்து நிற்கிறது. பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பல்கோணம் வட்டத்தை நெருங்கும். மூலைகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவிவிடும், திரும்பல் மட்டும் அப்படியே இருக்கும்.

இதையே உள்பக்கம் உருட்டினால்? மையத்தின் பாதை ஆரம் 3 − 1 = 2, விடை 2. நேர்கோட்டில் 3, உள்ளே 2, வெளியே 4. மூன்றையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அது அருமையான ஐந்து மதிப்பெண் கேள்வி.

சரி, அந்த 3 எந்தக் கேள்விக்குச் சரியான விடை? சின்ன வட்டத்தின் விளிம்பில் ஓரிடத்தில் மை தடவி, அந்த இடம் பெரிய வட்டத்தைத் தொடுமாறு வைத்து உருட்டுங்கள். முழுச் சுற்றும் முடியும்போது பெரிய வட்டத்தில் மூன்று இடங்களில் மைப்பொட்டு இருக்கும், 120 பாகைக்கு ஒன்றாக. 'எத்தனை பொட்டு?' என்று கேட்டிருந்தால் 3 சரி. ஆனால் ஒரு பொட்டிலிருந்து அடுத்த பொட்டுக்குப் போவதற்குள் சின்ன வட்டம் ஒரு முழுச் சுழற்சியைத் தாண்டி இன்னும் 120 பாகை சுழன்றுவிடுகிறது. மை இருக்கும் பக்கம் எப்போதும் பெரிய வட்டத்தின் மையத்தைப் பார்த்துத்தான் பொட்டு வைக்க முடியும், அந்தத் திசையே 120 பாகை மாறியிருக்கிறதே! மூன்று தடவை ஒன்றேகால் இல்லை, ஒன்றே மூன்றில் ஒன்று, பெருக்கினால் நான்கு.

வானத்திலும் இதே கணக்குதான். ஆண்டுக்குச் சுமார் 365¼ நாள் என்று நாம் எண்ணுவது உச்சிவெயிலிலிருந்து அடுத்த உச்சிவெயில் வரை, அதாவது சூரியனைப் பார்த்து வைக்கும் பொட்டுகள். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி அதே ஆண்டில் சுமார் 366¼ முறை சுழன்றிருக்கும். கூடுதலாக வரும் அந்த ஒரு சுழற்சியை ஆண்டு முழுக்கப் பங்கிட்டால் நாளுக்குச் சுமார் 3 நிமிடம் 56 வினாடி. நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கிழக்கே உதித்த நட்சத்திரம் இன்று எட்டுக்கு நான்கு நிமிடம் முன்பே உதிப்பது இதனால்தான். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதால் அது சுழலவே இல்லை என்று சொல்லும் பிள்ளையிடமும் இதைச் சொல்லலாம்: பூமியை ஒரு முறை சுற்றி வருவதற்குள், நம்மைப் பார்த்து பூஜ்யம் சுழற்சி, நட்சத்திரத்தைப் பார்த்து ஒன்று.

இந்தத் தவறு வெளியே வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1980 முதல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேர்வு முடிந்த பின் வினாக்களையும் விடைகளையும் மாணவர்கள் கேட்டுப் பெறலாம் என்றது. அதுவரை பெட்டிக்குள் பூட்டியிருந்த வினாத்தாள்கள் வெளிச்சத்துக்கு வரத் தொடங்கின. சட்டம் வந்த சிறிது காலத்திலேயே, 1980 அக்டோபரில் நடந்த பி.எஸ்.ஏ.டி. (எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமாக எழுதுவது) தேர்வின் கேள்வி ஒன்று மாட்டிக்கொண்டது. அதுவும் வடிவியல்தான். சதுர அடிப்பக்கம் கொண்ட பிரமிடு ஒன்று, அதன் நான்கு பக்க முகங்களும் சமபக்க முக்கோணம். கூடவே அதே அளவுள்ள சமபக்க முக்கோணங்களாலான நான்முகி ஒன்று. இரண்டையும் ஒரு முக்கோண முகத்தோடு முகம் பொருந்த ஒட்டினால் வெளியே எத்தனை முகம் தெரியும்? குறிப்பு சொன்னது: 5 + 4 = 9, ஒட்டியதில் 2 மறையும், ஆக 7. புளோரிடாவைச் சேர்ந்த ஒரு மாணவர் 5 என்று எழுதியிருந்தார். அவர்தான் சரி. ஒட்டிய பின் இரண்டு இடத்தில் பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் ஒரே தளத்தில் சமமாகப் படுத்து, ஒரே முகமாகிவிடுகின்றன.

இதைக் காட்ட முக்கோணவியல் தேவையில்லை. அதே மாதிரி சதுரப் பிரமிடுகள் இரண்டை, அடிச்சதுரங்களின் ஒரு விளிம்பு ஒட்டும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு உச்சிகளுக்கும் இடைப்பட்ட தூரம், சதுரத்தின் பக்க நீளத்துக்குச் சமம். நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள்: அதன் ஆறு விளிம்பும் ஒரே நீளம், அதாவது அந்தப் பள்ளமே நான்முகி. இரண்டு பிரமிடுகளின் முன்பக்கச் சாய்முகங்களும் ஒரே சாய்தளத்தில் இருக்கின்றன. இடைவெளியை நிரப்பும் நான்முகியின் முகமும் அதே தளத்தில்தான் இருந்தாக வேண்டும். பின்பக்கமும் அப்படியே. கோணத்தில் சொன்னால் 109.47 பாகையும் 70.53 பாகையும் சேர்ந்து 180.

இங்கேயும் 9 − 2 = 7 ஒரு கேள்விக்குச் சரியான விடைதான். 'ஒட்டாத முக்கோணங்கள், சதுரங்கள் மொத்தம் எத்தனை?' என்ற கேள்விக்கு.

இனி இயற்கணிதம். இங்கிலாந்தில் 2015 ஜூன் 4 அன்று எட்எக்செல் என்ற தேர்வு வாரியம் நடத்திய ஜி.சி.எஸ்.இ. (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது) கணிதத் தாளில் வந்த ஒரு கேள்வி அன்றைக்கே டுவிட்டர் முழுக்கப் பரவி, தேர்வு கடினம் என்று மனுப்போடும் வரை போனது. மொத்த மிட்டாய்களின் எண்ணிக்கையை இங்கே 'ம' என்று வைத்துக்கொள்கிறேன். ஹன்னாவின் பையில் ம மிட்டாய்கள், அதில் 6 ஆரஞ்சு, மீதி மஞ்சள். பார்க்காமல் ஒன்றை எடுத்துத் தின்கிறாள், பிறகு இன்னொன்றை எடுத்துத் தின்கிறாள். இரண்டும் ஆரஞ்சாக இருக்க நிகழ்தகவு 1/3. ம² − ம − 90 = 0 எனக் காட்டுக.

மிட்டாயில் தொடங்கி இருபடிச் சமன்பாட்டில் போய் முடிகிறதே என்பதுதான் பிள்ளைகளின் கோபம். வேலை என்னவோ நான்கு வரிதான். முதல் மிட்டாய் ஆரஞ்சாக இருக்க 6/ம. தின்றுவிட்டதால் இப்போது ஆரஞ்சு 5, மொத்தம் ம − 1. இரண்டாவதும் ஆரஞ்சாக இருக்க 5/(ம − 1). பெருக்கினால் 30/(ம(ம − 1)) = 1/3. குறுக்குப் பெருக்கல் செய்தால் ம² − ம = 90. முடிந்தது.

இதில் வழுக்கும் இடம் இரண்டு. ஒன்று, தின்றதை மறப்பது. இரண்டாவது தடவையும் 6/ம என்று போட்டால் ம² = 108, முழு எண்ணே வராது. மேலே ஒன்றைக் குறைத்துக் கீழே குறைக்க மறந்தால் ம² = 90. கேட்ட சமன்பாட்டில் நடுவில் இருக்கும் அந்த − ம உறுப்பு காணாமல் போகும். பையில் ஒன்று குறைந்துவிட்டது என்ற செய்தி முழுக்க அந்த ஒரு உறுப்பில்தான் இருக்கிறது.

இரண்டாவது இடம், 'காட்டுக' என்ற கேள்விக்கு 'தீர்க்க' என்ற கேள்வியின் விடையை எழுதுவது. (ம − 10)(ம + 9) = 0, ஆகவே ம = 10; 100 − 10 − 90 = 0, ஆகவே காட்டப்பட்டது என்று எழுதுவார்கள். நம் பத்தாம் வகுப்பிலும் 'என நிறுவுக' வந்தால் இதே கதைதான். நிறுவ வேண்டியதையே கையில் எடுத்துக்கொண்டு அதிலிருந்து கிளம்பி, அதிலேயே போய் இறங்குவது. 10 என்ற எண் சரி. ஆனால் அது சமன்பாட்டின் தீர்வைச் சரிபார்த்தது; மிட்டாயிலிருந்து சமன்பாடு பிறந்ததைக் காட்டவில்லை. 10க்கு உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது: 6/10 × 5/9 = 30/90 = 1/3 என்று கதைக்குள் திரும்பப் போட்டுப் பார்ப்பது. அதை ரஃப் ஒர்க் பகுதியில் செய்யலாம், அரை நிமிட வேலை.

புள்ளியியலுக்குத் தேர்வுச் செய்தி எதுவும் வேண்டாம், திட்டவிலக்கப் பாடத்தின் வழக்கமான கணக்கு ஒன்றே போதும். 20 மதிப்புகளின் கூட்டுச் சராசரி 48, திட்டவிலக்கம் 6. பிறகு பார்த்தால் 52 என்ற மதிப்பை 25 என்று மாற்றி எழுதிவிட்டார்கள். சரியான சராசரியும் திட்டவிலக்கமும் காண்க.

சராசரியில் யாரும் விழுவதில்லை. கூடுதல் 960, அதிலிருந்து 25ஐ எடுத்து 52ஐச் சேர்த்தால் 987, சராசரி 49.35. விழுவது அடுத்த படியில். வர்க்கங்களின் கூடுதல் 20 × (36 + 2304) = 46800. இதைத் திருத்த வேண்டும். மதிப்பு 27 கூடியது என்பதால் 27ன் வர்க்கமான 729ஐக் கூட்டிவிடுகிறார்கள், 47529 வருகிறது. 20ஆல் வகுத்தால் 2376.45. சராசரியின் வர்க்கம் 2435.4225. கழித்தால் −58.97.

விலக்க வர்க்கச் சராசரி குறை எண்ணாக வர முடியாது, வர்க்கங்களின் சராசரி அல்லவா அது. நிறைய விடைத்தாள்களில் அடுத்த வரியில் அந்தக் கழித்தல் குறி சத்தமில்லாமல் மறைந்துவிடும். வர்க்கமூலம் எடுத்து 7.68 என்று எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டிருப்பார்கள்.

பிழை புள்ளியியலில் இல்லை, எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் இருக்கிறது. தேவைப்பட்டது 52² − 25². போட்டது (52 − 25)². முதலாவது (52 − 25)(52 + 25) = 27 × 77 = 2079. அதைக் கூட்டினால் 48879. 20ஆல் வகுக்க 2443.95, 2435.4225ஐக் கழிக்க 8.5275, திட்டவிலக்கம் 2.92. வேறு சிலர் இதுவரை சரியாக வந்து, கடைசியில் பழைய சராசரி 48ன் வர்க்கத்தைக் கழித்து 11.83 என்று முடிப்பார்கள்.

கணக்குப் போடுவதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடலாம். 48ஐச் சுற்றி நெருக்கமாக இருக்கும் கூட்டத்தில் 25 என்பது தனியாகத் தள்ளி நின்ற எண். அது 52 ஆக மாறினால் கூட்டத்துக்குள் வந்துவிடும். சிதறல் குறைந்தே ஆக வேண்டும். 6ஐவிடக் கூடுதலாக வந்த எந்த விடையும், 7.68 ஆனாலும் 11.83 ஆனாலும், வாசலிலேயே நிறுத்த வேண்டியது. சூத்திரத்தை எழுதுவதற்கு முன் 'கூடுமா, குறையுமா?' என்று விடைத்தாளின் ஓரத்தில் ஒரு சொல் எழுதச் சொல்லிப் பழக்கினால், இந்தப் பிழை கண்ணில் படாமல் போகாது.

திருத்தும் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படிநிலை மதிப்பெண் முறையில் −58.97 வரை வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மதிப்பெண்தான் விழும். ஒருவன் குறியை அழித்துவிட்டு 7.68 எழுதியவன். இன்னொருத்தி 'விலக்க வர்க்கச் சராசரி குறை எண்ணாக வராது, மேலே எங்கோ தவறு' என்று எழுதி நேரமில்லாமல் விட்டவள். விடைக்குறிப்பில் அவள் எழுதிய வரிக்கு இடமே இல்லை. வகுப்புத் தேர்வுகளில் நான் அந்த வரிக்கு ஒரு மதிப்பெண் போடுகிறேன், குறியை அழித்தவனுக்கு ஒன்றைக் குறைக்கிறேன். சென்டம் வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.